காயலான் கடை வேக்குவம் கிளீனர்: பிளக் சொருகுவதற்கு முன்னால்

பழைய வேக்குவம் கிளீனரைக் காட்டி விலை கேட்டதும் காயலான் கடையில் நடக்கும் முதல் காரியம் ஒன்று உண்டு. பிளக் இல்லாத ஒயரின் இரண்டு முனையையும் சாக்கெட்டில் செருகி, தீக்குச்சியால் இறுக்கி, "பாருங்க சார், சூப்பரா ஓடுது" என்று ஓட்டிக் காட்டுவார்கள். நாற்பது ஐம்பது வருடம் தாக்குப்பிடித்த மோட்டார்கள் பல அந்த ஒரு நிமிடத்தில்தான் செத்திருக்கின்றன. 120 வோல்ட்டுக்குச் செய்ததாக இருக்கும். உள்ளே பல்லி முட்டை இருக்கும். பேரிங்கில் கிரீஸ் மெழுகாக உறைந்திருக்கும். அதனால் கடைக்குள் நுழைந்ததும் சொல்ல வேண்டியது: "அண்ணே, கரண்ட் கொடுக்காதீங்க. ஓடாத மெஷின்னே வெச்சு விலை சொல்லுங்க." விலையும் குறையும், மோட்டாரும் பிழைக்கும்.

சென்னையில் கிடைக்கும் மெஷின்களை அடையாளம் காண நல்ல பிடி ஒன்று இருக்கிறது. அது எந்த வழியாக ஊருக்குள் வந்தது என்று பார்க்க வேண்டும். வழி தெரிந்துவிட்டால் வோல்டேஜ், தொலைந்திருக்கக்கூடிய பாகம், உள்ளே காத்திருக்கும் அழுக்கு மூன்றையும் திறக்காமலே ஓரளவு சொல்லிவிடலாம்.

முதல் வழி கப்பல். வெள்ளைக்கார கம்பெனி பங்களாக்கள், கிளப்புகள், பெரிய ஹோட்டல்கள் ஆகியவற்றுக்கு வந்தவை. லண்டன் பெரிவேல் தொழிற்சாலையின் ஹூவர், லூட்டனில் செய்த எலக்ட்ரோலக்ஸ், கோப்ளின் இவையெல்லாம் அந்த ரகம். நின்றபடி தள்ளும், உருளை பிரஷ் வைத்த ஹூவர் கம்பளத்துக்கென்றே பிறந்தது. சிவப்பு ஆக்சைடு தரையும் மொசைக்கும் போட்ட நம் வீடுகளில் அதற்கு வேலையே இல்லை, விளக்குமாறு போதும். ஆகவே நின்ற ரக மெஷின் கிடைத்தால், அது கம்பளம் விரித்த கட்டடத்திலிருந்து வந்தது என்று தாராளமாக ஊகிக்கலாம். இவை தனித்தனியாகக் கைமாறி வந்தவை. ஹோஸும் துணைக்கருவிகளும் சேர்ந்து கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இரண்டாவது வழி சூட்கேஸ். 1970களிலிருந்து வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்த்தவர்கள் கொண்டுவந்ததும், பர்மா பஜாரில் விற்றதும். நேஷனல், ஹிட்டாச்சி, சான்யோ, தோஷிபா. மூன்றாவது வழி வாசற்படி. யுரேகா ஃபோர்ப்ஸ் 1982இல் தொடங்கி, கழுத்தில் டை கட்டிய பையன்கள் வீடுவீடாக வந்து மெத்தையிலிருந்து அழுக்கை உறிஞ்சிக் காட்டிய காலம். இந்த ரகம் பெரும்பாலும் லாஃப்டிலிருந்து அட்டைப்பெட்டியோடு, எல்லா நாசிலும் பத்திரமாக இறங்கி வரும். வாங்கிய புதிதில் சில மாதம் ஓட்டிவிட்டு மேலே ஏற்றியிருப்பார்கள், அதுதான் காரணம். முழு செட்டாகச் சேர்க்க விரும்புகிறவர்கள் இங்கிருந்து தொடங்குவது நல்லது. நான்காவதாக ஒரு சின்ன ஓடை: அமெரிக்காவிலிருந்து திரும்பியவர்களின் சாமானோடு வந்த 120 வோல்ட் மெஷின்கள். டிரான்ஸ்ஃபார்மர் எங்கோ தொலைந்திருக்கும், மெஷின் மட்டும் கைக்கு வரும். காயலான் கடைத் தீக்குச்சிக்குப் பலியாவது அதிகம் இதுதான்.

தேடுவதற்குப் பல்லாவரம் வெள்ளிச் சந்தை, பழைய சாமான் ஏலம், இடிக்கப்போகும் வீடுகளின் சாமான் எடுப்பவர்கள் என்று மூன்று இடம் போதும். காயலான் கடையில் எடைக்குப் போடும் மோட்டாரைச் செம்புக்காக அன்றைக்கே உடைத்துவிடுவார்கள். முன்கூட்டியே சொல்லிவைத்து, எடை விலையைவிடச் சற்று கூடுதலாகக் கொடுத்தால்தான் முழுசாக நிற்கும்.

பெயர்த்தட்டைப் படிப்பது

தட்டு பெரும்பாலும் அடிப்பக்கத்திலோ மோட்டார் மூடியின் பின்னாலோ இருக்கும். நம் ஊர் மெஷினில் அதன்மேல் ஒரு படிவம் உண்டு: கீழே எண்ணெய்ப் பிசுக்கு, அதன்மேல் தூசி, அதன்மேல் வருடா வருடம் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும். சில தட்டுகளில் பொட்டு சரியாக வோல்டேஜ் எண்ணின் மீதே உட்கார்ந்திருக்கும். அவசரப்பட்டு தின்னரோ பெட்ரோலோ போட்டால் அச்சடித்த எழுத்தும் பொட்டோடு போய்விடும். பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு கலந்த தண்ணீரில் பஞ்சை நனைத்து, பிழிந்து, ஒரு ஓரத்தில் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் நிறுத்திவிட்டு வெறும் ஈரத் துணியோடு விட்டுவிடுங்கள். எழுத்து உலோகத்தில் குத்தியதாக இருந்து பெயின்ட் போயிருந்தால், கொஞ்சம் விபூதியைத் தடவி மேலாக விரலால் வழித்துவிட்டால் போதும். பள்ளத்தில் மட்டும் வெள்ளை நிற்கும். டார்ச்சைத் தட்டுக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் தேய்ந்த எண்ணும் எழுந்து நிற்கும்.

முதலில் பார்க்க வேண்டியது வோல்டேஜ். 230, 240, 220–240 என்றிருந்தால் கவலையில்லை. பழைய பிரிட்டிஷ் தட்டுகளில் 200–220 என்றும் 230–250 என்றும் தனித்தனியாக இருக்கும், ஏனென்றால் அங்கே ஊருக்கு ஊர் சப்ளை வேறுபட்டிருந்தது. 200–220 மெஷினை நம் 230இல் எப்போதாவது சில நிமிடம் ஓட்டலாம், தினசரி ஓட்டினால் சூடு ஏறும். 120 என்றால் அமெரிக்கா, 100 என்றால் ஜப்பான் உள்நாட்டுச் சந்தை. சவுதியிலிருந்து வந்தவற்றில் 127ஐயும் பார்க்கலாம். இவற்றை நேரே 230இல் போட்டால் ஆர்மேச்சர் (மோட்டாரின் சுழலும் பாகம்) அளவுக்கு மீறிய வேகத்தில் சுழன்று, கம்யூடேட்டர் (அதன் முனையில் கார்பன் பிரஷ் உரசும் செம்பு வளையம்) துண்டுகள் கழன்று பறக்கக்கூடும்.

"ஒரு டயோடு போட்டா பாதியாயிடும் சார்" என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. ஆகாது. டயோடு பாதி அலையை வெட்டினாலும் 230 வோல்ட் ஏறக்குறைய 163 வோல்ட்டின் வேலையைச் செய்யும். 120 மெஷினுக்கு அதுவே அதிகம். சரியான வழி ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர். தட்டில் 5 ஆம்பியர் என்றிருந்தால் 120 × 5 = 600 வாட். கிளம்பும் வேகத்தில் இழுக்கும் கரண்டையும் சேர்த்து 1000 விஏ (வோல்ட்-ஆம்பியர், டிரான்ஸ்ஃபார்மரின் திறன் அளவு) வாங்க வேண்டும். 50, 60 ஹெர்ட்ஸ் வித்தியாசத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். இவற்றில் இருப்பது யுனிவர்சல் மோட்டார், மிக்ஸியில் இருக்கும் அதே ஜாதி. அதனால்தான் பழைய தட்டுகளில் ஏசி/டிசி என்று இரண்டும் போட்டிருக்கும்.

ஹெர்ட்ஸ் என்ற சொல்லே ஒரு காலக்குறி. 1960இல்தான் அது சர்வதேச அலகானது. "50 சைக்கிள்" என்றோ "சி/எஸ்" என்றோ போட்ட தட்டு பெரும்பாலும் 1960களின் கடைசிக்கு முந்தையது. சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் இரட்டை இன்சுலேஷன், எர்த் தேவையில்லை. "மேற்கு ஜெர்மனி" என்று இருந்தால் 1949க்கும் 1990க்கும் இடையில் செய்தது.

இங்கே விற்ற டீலர் ஒட்டிய ஸ்டிக்கர் இன்னும் நன்றாகப் பேசும். முகவரி "மெட்ராஸ்-2" என்று முடிந்தால் பின்கோடு வருவதற்கு முன்பு, அதாவது 1972 ஆகஸ்டுக்கு முன்பு அடித்தது என்று கொள்ளலாம். "மெட்ராஸ்-600 002" என்றால் அதற்குப் பிறகு. "சென்னை" என்று ஆங்கிலத்தில் இருந்தால் 1996க்குப் பிறகு. ஸ்டிக்கர் விற்ற தேதியைச் சொல்லும், செய்த தேதியை அல்ல; இரண்டுக்கும் நடுவில் சில வருடம் இருக்கலாம். உள்ளே கண்டன்சரின் மேல் 7832 மாதிரி நான்கு இலக்கம் இருந்தால் பெரும்பாலும் 1978ஆம் வருடம் 32ஆம் வாரம். கண்டன்சரைப் பின்னால் யாரும் மாற்றவில்லை என்றால் மெஷின் அதற்குச் சற்றுப் பிந்தையது.

தட்டில் பிராண்டு பெயர் உடைந்து, மாடல் எண் மட்டும் மிஞ்சியிருந்தாலும் வழி உண்டு. எம்.சி. என்று தொடங்கினால் நேஷனல் அல்லது பானசோனிக். சி.வி. என்றால் ஹிட்டாச்சி, வி.சி. தோஷிபா, எஸ்.சி. சான்யோ, ஈ.சி. ஷார்ப், டி.சி. மிட்சுபிஷி. எச்.ஆர். போட்டு நான்கு இலக்கம் வந்தால் பழைய பிலிப்ஸ். இசட் என்று தொடங்கினால் ஐரோப்பிய எலக்ட்ரோலக்ஸ். சி.வி.யையும் வி.சி.யையும் மாற்றிப் படித்துவிட்டு, பொருந்தாத ஃபில்டரை வாங்கி வந்து உட்கார்ந்திருப்பது இந்தப் பொழுதுபோக்கில் சகஜம்.

பெயர் ஏமாற்றும் இடம் இரண்டு. எலக்ட்ரோலக்ஸ் சுவீடன் கம்பெனி. ஆனால் அமெரிக்காவில் அந்தப் பெயரில் இயங்கிய கம்பெனியில் தன் பங்கை 1968இல் விற்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒரே பெயரில் சம்பந்தமில்லாத இரண்டு பரம்பரை. தட்டில் "ஓல்டு கிரீனிச், கனெக்டிகட்" என்றிருந்தால் அமெரிக்காக்காரன், 120 வோல்ட், சுவீடன் மாடலின் பை அதற்குச் சேராது. அதே போல வெறும் "யுரேகா" என்பது 1909இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய அமெரிக்கப் பெயர். இங்கே எல்லோருக்கும் தெரிந்த யுரேகா ஃபோர்ப்ஸ் என்று நினைத்து 230இல் சொருகினால் கதை முடிந்தது.

உருவத்தை வைத்தும் சொல்லலாம். ஸ்பாங்லர் என்ற துப்புரவுத் தொழிலாளியின் 1908 காப்புரிமையை வாங்கி ஹூவர் வளர்த்தது நின்ற ரகம். அதன் உருளையில் பிரஷோடு உலோகப் பட்டையும் இருந்தால், 1926இல் ஹூவர் 700 மாடலில் வந்த ஏற்பாட்டின் வாரிசு. சறுக்குக் கட்டை மேல் படுத்திருக்கும் உருளை, 1921இல் எலக்ட்ரோலக்ஸ் மாடல் வி தொடங்கிவைத்த வடிவம். பந்து மாதிரி உருண்டையாக, சக்கரமே இல்லாமல் இருந்தால் 1950களில் வந்த ஹூவர் கான்ஸ்டலேஷன். வெளியே விடும் காற்றின் மேலேயே மிதக்கும். நம் மொசைக் தரையில் அது வழுக்கிக்கொண்டு பின்னால் வருவதைப் பார்க்கவே ஒன்று வாங்கலாம்.

நின்ற ரகம், உருளை ரகம் இரண்டுக்கும் நோய் வேறு. நின்ற ரகத்தில் அழுக்கு முதலில் விசிறி வழியாகப் போய், பிறகு பைக்குள் விழும். நாலணாவோ ஹேர்பின்னோ உள்ளே போனால் விசிறி இதழ் உடையும், மோட்டார் தப்பும். உருளை ரகத்தில் அழுக்கு பையிலேயே நின்று, வடிகட்டிய காற்று மோட்டாரைக் குளிரவைத்துக்கொண்டு வெளியேறும். பை கிழிந்தால் தூசி நேராக மோட்டாருக்குள். வாசலில் கோலப்பொடியை உறிஞ்சியிருந்தால் இன்னும் மோசம். அது அரைத்த கல்தூள், பேரிங்குக்கு உப்புத்தாள் போட்ட மாதிரி. விபூதியோ துணிப்பையின் இழை வழியாகவே கடந்துவிடும். பூஜை அறைக்குப் பயன்படுத்திய மெஷினைத் திறந்தால் ஆர்மேச்சர் பக்திப் பழமாக இருக்கும்.

கடையிலேயே பத்து நிமிடம்

வெளியேற்றும் துளை வழியாகவோ அடியிலிருந்தோ விசிறியை விரலால் சுற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றி, மெதுவாக நின்றால் நல்லது. கரகரத்தால் பேரிங் மட்டும்தான், அது மாற்றக்கூடியது. அசையவே இல்லையென்றால் துருவோ, உருகி ஒட்டியதோ. ஒரே இடத்தில் மட்டும் தட்டி நின்றால் விசிறி வளைந்திருக்கும், இல்லை உள்ளே குளவிக்கூடு. ஹோஸ் முனையிலும் குளவி மண்கூடு கட்டியிருப்பது சாதாரணம். குச்சி விட்டுக் குத்தி உடைக்காமல், தண்ணீரில் ஊறவைத்து எடுங்கள்.

மூக்கை வெளியேறும் துளையில் வைத்து முகருங்கள். பழைய தூசி, பூஞ்சை நாற்றம் பரவாயில்லை. எரிந்த வார்னிஷின் காரமான கருகல் வாசனை வந்தால் காயில் கட்ட வேண்டியிருக்கும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கியவை இன்னும் சந்தையில் சுற்றுகின்றன. கோட்டூர்புரம், ஜாஃபர்கான்பேட்டை, முடிச்சூர் பக்கம் கீழ்த்தளத்தில் இருந்தவை. வெளியே துடைத்து மினுக்கியிருப்பார்கள். பை மாட்டும் கிளிப்பின் மடிப்பு, திருகு தலையின் பள்ளம், சக்கரத்தின் உள்பக்கம் ஆகிய மூன்று இடத்தையும் துடைக்க யாருக்கும் பொறுமை இருக்காது. அங்கே பிஸ்கட் நிறத்தில் மாவு மாதிரி வண்டல் இருந்தால் உதிரி பாகத்துக்கு மட்டும் விலை பேசுங்கள்.

பழைய வார்ப்பு பாகங்களில் ஒரு தீராத வியாதி உண்டு. அந்தக் காலத்துத் துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துவிட்டால் உலோகம் உள்ளிருந்தே நொறுங்கும். நம் கடலோர ஈரம் அதை வேகப்படுத்தும். வறண்ட ஏரி மாதிரி மேற்பரப்பில் வெடிப்பு, மூடி பொருந்தாமல் வீங்கியிருத்தல் இவைதான் அடையாளம். ஒட்டவும் முடியாது, வெல்ட் செய்யவும் முடியாது. எவ்வளவு அழகான மாடலாக இருந்தாலும் கீழே வைத்துவிட்டு வாருங்கள்.

வீட்டில்

முதலில் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், மாஸ்க் கட்டிக்கொண்டு பையைக் கழற்றுங்கள். பழைய பை கிழிசலாக இருந்தாலும் தூக்கிப்போட வேண்டாம், புதிது தைக்க அதுதான் அளவு. ஒவ்வொரு படியிலும் போனில் ஒரு படம். திருகுகளை ஓர் அட்டையில் மெஷினின் படம் வரைந்து, அந்தந்த இடத்தில் குத்தி வையுங்கள்.

விசிறியின் நட்டு பலருக்குக் கண்ணீர் வரவழைக்கும். ஓடும்போது தானாக இறுகும்படி மரை வெட்டியிருப்பார்கள். பல மாடல்களில் இடது மரை. நட்டு பக்கமிருந்து பார்த்து, மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுமோ அதே பக்கம் திருப்பினால் கழலும். விசிறியைக் கையில் பிடித்துக்கொண்டு முறுக்கினால் இதழ் நெளியும். மறுமுனையில் தண்டைப் பிடிக்கப் பெரும்பாலும் ஒரு வெட்டுப்பள்ளம் இருக்கும், இல்லையென்றால் தண்டைச் சுற்றித் தோல் பட்டை கட்டிப் பிடியுங்கள். சுத்தியலால் தண்டின் தலையில் தட்டுவது வேண்டவே வேண்டாம்.

ஒயர் இறுகி, வளைத்தால் வெடிக்கும் ரப்பராக இருந்தால் மறுபேச்சில்லாமல் மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு முன் நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஃபேஸ், நியூட்ரல், எர்த் என்ற வரிசையில் சிவப்பு, கருப்பு, பச்சை பழைய பிரிட்டிஷ் முறை, நமக்கும் அதுவே பழக்கம். பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள் 1970 வாக்கில் வந்தது. அமெரிக்காவில் கருப்புதான் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல். பழைய ஜெர்மன் ஒயரில் சிவப்புதான் எர்த். நம் வழக்கப்படி சிவப்பை ஃபேஸில் மாட்டினால் உடம்பு முழுக்கக் கரண்ட் ஓடும். நிறத்தை நம்பாமல், மல்டிமீட்டரில் எந்த ஒயர் உலோக உடலைத் தொடுகிறது என்று பார்த்த பிறகே கையை வையுங்கள். புதிதாக 0.75 சதுர மி.மீ. மூன்று கோர் ஃப்ளெக்ஸிபிள் ஒயர் 1000 வாட் வரை போதும். இரண்டே ஒயர் உள்ள உலோக உடல் மெஷினில், இரட்டைச் சதுரக் குறி இல்லையென்றால், உள்ளே ஒரு இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் வைத்து எர்த் கொடுக்க வேண்டும். அழகு கெடும் என்று தயங்குபவர்கள் அந்த மெஷினை ஷோகேஸில் மட்டும் வைக்கட்டும்.

அடுத்து மெகர், அதாவது இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர். 500 வோல்ட்டில், ஒயருக்கும் உடலுக்கும் நடுவில் 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் ஓட்டக் கூடாது. ஐப்பசி கார்த்திகையில் வாங்கிய மெஷின் பெரும்பாலும் இதில் தோற்கும். இப்போது வீடுகளில் இருக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) உடனே விழுவதும் இதனால்தான். காயில் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். அட்டைப்பெட்டியில் மோட்டாரை வைத்து, தொடாத தூரத்தில் 60 வாட் குண்டு பல்பு எரியவிட்டு, பக்கத்தில் ஆள் இருக்கும்போது பத்துப் பன்னிரண்டு மணி நேரம் காயவிடுங்கள். சித்திரை வைகாசியாக இருந்தால் மாடி வெயிலே இரண்டு நாளில் முடித்துவிடும். அதற்குப் பிறகும் ஏறவில்லையென்றால்தான் காயில் கட்டுபவரிடம் போக வேண்டும்.

முதல் கரண்ட் சீரிஸ் லேம்ப் வழியாகத்தான், அதாவது மெஷினுக்குப் போகும் ஒயரின் நடுவில் ஒரு பல்பை மாட்டி. 200 வாட் குண்டு பல்பு நல்லது, கிடைக்காவிட்டால் 100. பல்பு எரிந்து, மோட்டார் சோம்பேறித்தனமாகவாவது சுற்றத் தொடங்கினால் பிழைத்தது. பல்பு முழுப் பிரகாசத்தில் எரிந்தும் தண்டு அசையவில்லையென்றால் ஷார்ட் அல்லது இறுக்கம். பல்பே எரியவில்லையென்றால் பிரஷ் கம்யூடேட்டரைத் தொடவில்லை, இல்லை ஒயர் அறுந்திருக்கிறது. இந்தச் சோதனையில் கரண்ட் ஓர் ஆம்பியருக்கும் கீழே நிற்பதால் எதுவும் எரிந்துபோகாது. விசிறி கழற்றிய மோட்டாரை மட்டும் எக்காரணம் கொண்டும் முழு வோல்டேஜில் ஓட்டாதீர்கள். சுமை இல்லாமல் இந்த ஜாதி மோட்டாரின் வேகத்துக்கு எல்லை கிடையாது.

கம்யூடேட்டரைக் கிட்டத்தில் பாருங்கள். நன்றாக ஓடிய மோட்டாரில் செம்பு பளபளக்காது. டிகாக்‌ஷன் நிறத்தில் சீராக, மெல்லிய படலத்தோடு இருக்கும். அதைத் தேய்த்து மினுக்கத் தேவையில்லை. மொத்தமும் கருப்பென்றால் எண்ணெய் ஏறியிருக்கிறது, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்தால் போதும். ஒன்றிரண்டு பட்டை மட்டும் கருகி, ஓரம் அரித்திருந்தால் அந்த இடத்துக் காயில் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அதை மல்டிமீட்டரில் பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளாக அளந்தால் ஒரு ஜோடி மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். ஓடும்போது பிரஷ் நுனியில் நீலமாகச் சின்னப் பொறி சகஜம். நெருப்பு வளையமாகச் சுற்றி வந்தால் உடனே நிறுத்துங்கள்.

கார்பன் பிரஷ் 6 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். அதே அளவு கிடைப்பது அபூர்வம். மிக்ஸி பிரஷிலோ கை டிரில்லிங் மெஷின் பிரஷிலோ கொஞ்சம் பெரியதை வாங்கி, கண்ணாடித்தாளில் (கண்ணாடித்தூள் ஒட்டிய உப்புத்தாள்) தேய்த்து, தன் எடையிலேயே கூட்டுக்குள் வழுக்கி இறங்கும்வரை குறைத்துக்கொள்ளலாம். புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று கார் ஸ்டார்ட்டர் பிரஷ் வாங்காதீர்கள். செம்பு நிறம் அடிக்கும் அந்த பிரஷ் 12 வோல்ட்டுக்கு உரியது, இங்கே போட்டால் பொறி பறந்து கம்யூடேட்டரைத் தின்றுவிடும். பிரஷின் முகம் கம்யூடேட்டரின் வளைவுக்குப் பொருந்த, மெல்லிய கண்ணாடித்தாளைக் கம்யூடேட்டர் மேல் சுற்றி, சுழலும் திசையில் மட்டும் தண்டைத் திருப்பித் தேயுங்கள். எமரி தாள் கூடாது. அதன் துகள் செம்பில் பதிந்து நிற்கும். பிறகு டிம்மர்ஸ்டாட் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்துப் பாதி வோல்டேஜில் அரை மணி ஓட்டினால் பிரஷ் உட்கார்ந்துவிடும்.

பேரிங் எண் பெரும்பாலும் விளிம்பில் இருக்கும். அழிந்திருந்தால் வெர்னியரில் அளந்தால் போதும்: உள் 8, வெளி 22, அகலம் 7 என்றால் 608. 7–22–7 என்றால் 627. 10–26–8 என்றால் 6000, 10–30–9 என்றால் 6200. வேகமாகச் சுற்றும் உருளை ரகத்துக்கு இசட்இசட் மூடியோடு (இரண்டு பக்கமும் உலோகத் தகடு) சி3 இடைவெளி (உள்ளே குண்டுகளுக்குச் சற்று தாராளமான இடம்) உள்ளதைக் கேளுங்கள். ரப்பர் மூடி போட்டது அந்த வேகத்தில் உரசிச் சூடாகும். வேகம் குறைந்த நின்ற ரகத்துக்கு ரப்பர் மூடிதான் நல்லது, தூசி நுழையாது. மிகப் பழைய மெஷின்களில் பேரிங்குக்குப் பதில் புஷ்ஷும் எண்ணெய் ஊறிய கம்பளித் திண்டும் இருக்கும். அதற்கு மெல்லிய மெஷின் ஆயில் சில சொட்டு. வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விட்ட மெஷின்கள் நிறைய வருகின்றன. எண்ணெய் தூசியோடு சேர்ந்து பிசுக்காகி, தண்டையே பிடித்துக்கொண்டிருக்கும்.

ரேடியோ இரைச்சலைத் தடுக்க வைத்த பழைய காகிதக் கண்டன்சர், நம் ஈரத்தில் வெடிப்பு விட்டு, ஒருநாள் புகையைக் கக்கும். ரிச்சி தெருவில் மாற்று கிடைக்கும். ஒயர் இரண்டுக்கும் நடுவில் போடுவது எக்ஸ்2 ரகம், பொதுவாக 0.1 மைக்ரோ ஃபாரட், 275 வோல்ட் ஏசி. உடலுக்குப் போவது ஒய்2 ரகம். "400 வோல்ட் டிசி இருக்கு, இதுவே போதும் சார்" என்று எடுத்து நீட்டினால் வாங்க வேண்டாம்.

பையும் ஹோஸும்

பழைய துணிப்பைக்கு நெருக்கமாக நெய்த ட்ரில் துணி ஏற்றது. வாங்கியதும் கஞ்சி போகும்வரை வெந்நீரில் இரண்டு முறை அலசுங்கள். கஞ்சியோடு தைத்த பை காற்றை விடாது. உறிஞ்சும் சக்தி குறைந்து, உருளை ரகத்தில் மோட்டாரும் சூடாகும். தையலை இரட்டை மடிப்பாக, மடிப்பு வெளியே வரும்படி போட வேண்டும், உள்ளே இருந்தால் அதில் தூசி அடையும். காகிதப் பை ரகமானால் இன்றைய நெய்யாத் துணிப் பையை வெட்டி, பழைய அட்டைக் கழுத்தின் அளவுக்கு 2 மி.மீ. அட்டை வெட்டி ஒட்டலாம். வாய்த்துளையில் மெல்லிய ரப்பர் வளையம் இல்லாவிட்டால் அங்கேயே கசியும்.

பின்னல் துணி போட்ட ஹோஸில் உள்ரப்பர் மட்டும்தான் செத்திருக்கும். முனைப் பித்தளையைக் கழற்றி, பின்னல் உறையைச் சாக்ஸ் மாதிரி உருவி, ஷாம்பூவில் அலசி, அதே வெளிவிட்டமுள்ள புது சக்‌ஷன் ஹோஸின் மேல் மாட்டிவிடலாம். குழாய்கள் பலவும் 32 மி.மீ. வாயுடையவை, இன்றைய நாசில்களே சேரும். 35 மி.மீ. உள்ளதும் உண்டு, அளந்துவிட்டுப் போங்கள்.

துடைப்பதில் ஒரே எச்சரிக்கை: பித்தளைக்குப் பழகிய கையோடு புளியையோ எலுமிச்சையையோ அலுமினிய உடலில் தேய்க்காதீர்கள், கருத்துத் திட்டுத் திட்டாகிவிடும். பேக்கலைட்டை ஊறவைக்கக் கூடாது. ஈரத் துணி, காய்ந்த துணி, மேலே கொஞ்சம் மெழுகு, அவ்வளவுதான். பிளாஸ்டிக்கில் ஏறிய மஞ்சள்தூள் கறை வெயிலில் தானே வெளுக்கும். குங்குமம் போகாது. ஆனால் எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதற்கு அது ஒரு சாட்சி, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஹோஸை ஆணியில் தொங்கவிட்டால் மடிந்த இடத்தில் வெடிக்கும், அகலமான வளைவில் சுருட்டிப் படுக்கவையுங்கள். அந்துருண்டை வேண்டாம், சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். காய்ந்த வேப்பிலை போதும். அட்டைப்பெட்டியைத் தரையில் வைத்தால் கரையான். மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஓட்டும்போது சத்தத்தைக் கவனியுங்கள், முடிந்தால் போனில் பதிந்துவையுங்கள். போன மாதப் பதிவைவிடச் சுருதி இறங்கி, நிறுத்தியபின் சுழல்வது சீக்கிரம் நின்றால், அந்த வாரமே பேரிங்கைத் திறந்து பார்க்க வேண்டும்.